காலி வண்டி

டிரைவர் பத்துமலை தன் வண்டியைப் பந்தயக் கார் பயிற்சிப் பள்ளியின் வாசலுக்கு அரைக் கிலோமீட்டர் முன்னாலேயே, செம்பனைக் குலை ஏற்றும் லோரிகள் திரும்பும் மண்பாதையில், ஒரு பெரிய மரத்தின் பின்னால் நிறுத்தினார். இறங்கிச் சாலைக்கு வந்து, அங்கிருந்து பார்த்தால் தெரிகிறதா என்று பார்த்தார். கறுப்பு வேனின் பின்பக்கம் கொஞ்சம் தெரிந்தது. மறுபடி ஏறி இன்னும் நாலடி உள்ளே தள்ளி நிறுத்தினார். திருடன்கூடத் திருடிய வண்டியை இவ்வளவு அக்கறையாக ஒளித்துவைக்க மாட்டான். இது திருட்டு வண்டி இல்லை. இருபத்தாறு வருஷமாக அவர் ஓட்டிவரும் சவ வண்டி. அவருடைய மோட்டார் சைக்கிள் செயின் அறுந்து பட்டறையில் கிடந்தது. ஈப்போவின் புந்தோங்கிலிருந்து கோப்பெங் பக்கம் வந்து சேர வேறு வழியில்லை. முதலாளியைக் கேட்டபோது, "இன்னிக்கு ஒண்ணும் இல்ல, எடுத்துட்டுப் போலா" என்றார். ஒன்றும் இல்லை என்றால் அன்றைக்கு யாரும் சாகவில்லை என்று அர்த்தம். அந்தத் தொழிலில் அப்படித்தான் பேசிக்கொள்வார்கள்.

தீபாவளிக்கு எடுத்த நீலச் சட்டையைப் போட்டுக்கொண்டு, கழுத்திலும் கையிலும் வாசனைத் திரவியத்தை அள்ளிப் பூசிக்கொண்டு வந்திருந்தார். காலையில் வாசலைத் தாண்டும்போது மனைவி கலாதேவி மூக்கைப் பொத்திக்கொண்டு, "பொண்ணு பாக்கவா போறீங்க?" என்று கேட்டிருந்தாள். பெண்ணைப் பார்க்கத்தான் போகிறார், தன் பெண்ணை. ஒரே மகள் தினேஸ்வரி அந்தப் பள்ளியில் மெக்கானிக். சக்கரம் நாலும் உடம்புக்கு வெளியே துருத்திக்கொண்டு நிற்குமே, தலைக்கு மேல் கூரை கிடையாது, ஒரே ஒரு ஆள் மட்டும் உட்காரலாம், அந்தப் பந்தயக் கார்களைக் கழற்றி மாட்டுவது அவள் வேலை. வருஷத்தில் ஒரு நாள், வேலை செய்கிறவர்கள் வீட்டிலிருந்து ஓர் ஆளைக் கூட்டிவந்து ஓட்டிப்பார்க்க விடுவார்கள். போன இரண்டு வருஷமும் அவள் யாரையும் கூப்பிடவில்லை. இந்த வருஷம் சோற்றைப் பிசைந்துகொண்டே, "அப்பா, ஞாயித்துக்கெழம நீங்க வாரீங்க" என்றாள்.

"அம்மாவ கூட்டிட்டுப் போயேன்."

"அம்மாவுக்கு சைக்கிளே ஓட்டத் தெரியாது. நீங்கதானே டிரைவரு."

"டிரைவருதான்… ஆனா…"

"ஆனா என்னா? வாங்கலா."

அந்த 'ஆனா'வை அவர் விழுங்கிவிட்டார். வண்டியை ஒளித்துவிட்டு அன்று நடந்து போகும்போதும் அது தொண்டையில்தான் நின்றது. பந்தயக்காரர்கள் சகுனம் பார்ப்பவர்கள் என்று எங்கேயோ கேட்டிருக்கிறார். பிணம் ஏற்றுகிறவன் தொட்ட காரில் நாளைக்கு எவன் ஏறுவான்? கல்யாண வீட்டில் பந்தியில் அவருக்குப் பக்கத்து நாற்காலி காலியாகவே கிடப்பதைப் பார்த்துப் பழகியவர் அவர். அது அவருக்கு வலிக்காது, பழகிப்போயிற்று. ஆனால் கூட வேலை செய்கிறவர்கள் முன்னால் மகள் தலை குனியக் கூடாது. போனோமா, உட்கார்ந்தோமா, ஒரு சுற்று சுற்றினோமா, யார் எவர் என்று தெரியாமல் வெளியே வந்தோமா என்று இருக்க வேண்டும். அன்றைக்கு அவர் கும்பிட்ட சாமியிடம் கேட்டதும் அதைத்தான்.

அவருடைய தொழிலுக்கென்று சில கட்டுப்பாடுகள் உண்டு. மணிக்கு இருபது கிலோமீட்டருக்கு மேல் போகக் கூடாது, பின்னால் சொந்தக்காரர்கள் வருகிறார்கள். யாரையும் முந்தக் கூடாது. ஹார்ன் அடிக்கக் கூடாது. துக்க வீட்டுக்காரர்களைப் பிறகு சந்தையில் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்ள வேண்டும். அவரைப் பார்த்ததும் அந்த நாள் அவர்களுக்கு ஞாபகம் வருமே, பாவம். இதெல்லாம் யாரும் எழுதிவைத்தது இல்லை, அவராகவே வைத்துக்கொண்டது. இன்னொன்று ஊருக்கே தெரிந்தது. சாவு வீட்டிலிருந்து கிளம்பும்போது யாரும் 'போய்ட்டு வாரேன்' என்று சொல்வதில்லை. சத்தமில்லாமல் செருப்பை மாட்டிக்கொண்டு நடந்துவிட வேண்டும். மற்றவர்கள் வருஷத்துக்கு இரண்டு மூன்று தடவை அப்படிக் கிளம்புவார்கள். இவருக்கோ வாரத்தில் ஐந்து நாள் அதே கதை. தப்பித் தவறி ஒரு நாள் வாய் தவறிச் சொல்லிவிட்டால்? அந்தப் பயத்தில் அந்த வார்த்தையையே நாக்கிலிருந்து எடுத்துவிட்டார். சொந்த வீட்டிலிருந்து வேலைக்குப் போகும்போதும் ஆணியில் தொங்கும் சாவியை எடுப்பார், போய்விடுவார். வாசல் கேட்டின் சத்தத்தை வைத்துத்தான் கலாதேவி தெரிந்துகொள்வாள். தினேஸ்வரி சின்னப் பிள்ளையாக இருந்தபோது கேட்டுவரைக்கும் ஓடிவந்து, "அப்பா, சொல்லிட்டுப் போங்க!" என்று கத்துவாள். அவர் கையை மட்டும் ஆட்டுவார். எட்டு வயதோடு அவளும் கத்துவதை நிறுத்திவிட்டாள்.

பத்து வயதில் நடந்தது வேறு. மின்சுடலையில் இறக்கிவிட்டு வெறும் வண்டியோடு திரும்பியவர், மழை கொட்டுகிறதே என்று பள்ளிக்கூட வாசலுக்கு எதிரே நிறுத்தினார். தினேஸ்வரி மூன்று தோழிகளோடு வெளியே வந்தாள். அவள் பார்வை வண்டியின் மேல் பட்டு, கடைப் பலகையைத் தாண்டுவதுபோலத் தாண்டிப் போய்விட்டது. பையைத் தலைமேல் வைத்துக்கொண்டு மழையிலேயே நடந்தாள். அவரும் கூப்பிடவில்லை. அவளுக்குப் பின்னாலேயே, விளக்கைப் போட்டுக்கொண்டு, அவள் நடைக்கு வண்டியை ஓட்டி வீடுவரைக்கும் வந்தார். பதினேழு வருஷமாயிற்று. அதைப் பற்றி இருவரும் ஒரு வார்த்தை பேசியதில்லை.

பள்ளி, ஈயம் தோண்டிய பள்ளங்களில் நீர் தேங்கிய பழைய ஈயக்குட்டைகளுக்கு நடுவே இருந்தது. தார்ப்பாதை வளைந்து வளைந்து ஒரு கிலோமீட்டர் ஓடி, கிளம்பிய இடத்துக்கே வந்து சேர்ந்தது. எங்குமே போகாத சாலைக்கு இவ்வளவு செலவா என்று நினைத்துக்கொண்டார். தினேஸ்வரி ஓடிவந்து கையைப் பிடித்து அழைத்துப்போனாள். முழங்கைவரை எண்ணெய்க் கறுப்பு. அவளுடன் வேலை செய்யும் பவித்ரன் சிரித்த முகக்காரன், வாய் ஓயாதவன். அவன் தன் அப்பா சின்னையாவைக் கூட்டிவந்திருந்தான். சின்னையாவைக் கண்டதும் பத்துமலைக்கு அடையாளம் தெரிந்துவிட்டது. மூன்று வருஷத்துக்கு முன், பத்து காஜா ஊரில், தன் மனைவியின் சவப்பெட்டிக்குப் பின்னால் செருப்பில்லாமல் நடந்துவந்த மனிதர். பத்துமலை வழக்கப்படி முகத்தைத் திருப்பிக்கொண்டு ஈயக்குட்டையை ரசிக்க ஆரம்பித்தார்.

எழுதி நிரப்ப ஒரு பாரம் கொடுத்தார்கள். பெயர், வயது, ரத்த வகை, தொழில். தொழில் என்ற இடத்தில் பேனா நின்றது. சுற்றிப் பார்த்துவிட்டு 'லோரி டிரைவர்' என்று மலாயில் எழுதினார். தினேஸ்வரிதான் பாரங்களை வாங்கினாள். அவள் கண் அந்த வரியில் கொஞ்ச நேரம் நின்றது. அதை மற்றவற்றுக்கு அடியில் வைத்தாள்.

சிவப்பு உடுப்பு வயிற்றில் வந்து நின்றுகொண்டு மேலே ஏற மறுத்தது. பவித்ரன் மூச்சைப் பிடிக்கச் சொல்லி ஜிப்பை இழுத்துவிட்டான். "அங்கிள், தீயணைப்புப் படை மாரியே இருக்கீங்க!" காருக்குள் உட்கார முடியாது, படுத்த மாதிரி இறங்க வேண்டும். காலை நீட்டி, தோளைக் குறுக்கி, மெல்ல மெல்ல உள்ளே நழுவினார். இதே அளவுப் பெட்டியில் எத்தனையோ பேரை ஏற்றியிருக்கிறார், தானே ஏறுவது இப்போதுதான். அந்த நினைப்பு வந்ததும் ஹெல்மெட்டுக்குள் அவருக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. ஸ்டியரிங்கைத் திருப்பிப் பார்த்தார். முன்சக்கரங்கள் இரண்டும் கண்ணுக்கு நேரே, சொன்ன பேச்சைக் கேட்கும் பிள்ளைகள் மாதிரி திரும்பின. அடடா! நாற்பது வருஷம் வண்டி ஓட்டியும் சக்கரம் திரும்புவதை உட்கார்ந்த இடத்திலிருந்து அவர் பார்த்ததேயில்லை. இந்தப் பக்கம், அந்தப் பக்கம், மறுபடி இந்தப் பக்கம் என்று நாலைந்து தடவை திருப்பினார்.

பயிற்சியாளர் ஹக்கிம், மெலிந்த மலாய்க்காரர், எல்லாருக்கும் பொதுவாகச் சொன்னார்: நான் முன்னால் போவேன், வரிசையாக என் பின்னால் வர வேண்டும், ஒருவரை ஒருவர் முந்தக் கூடாது. வயதில் மூத்தவர் என்று பத்துமலையைத் தனக்கு அடுத்ததாக நிறுத்தினார். அவருக்குப் பின்னால் சின்னையா, இன்னும் மூன்று பேர். கிளம்பும்போது மற்ற நால்வருக்கும் எஞ்சின் இரண்டு மூன்று தடவை நின்றது. பத்துமலைக்கு ஒரு தடவைகூட நிற்கவில்லை. வரிசை, முன்னால் ஒருவர், பின்னால் நாலு வண்டி, முந்தக் கூடாது. அவ்வளவுதான். அவர் கால் அதுவாகவே முடிவு செய்துவிட்டது. இருபத்தாறு வருஷப் பழக்கமாயிற்றே, மூளையைக் கேட்டுக்கொண்டா இருக்கும்?

ஹக்கிமின் கார் வளைவில் மறைந்தது. பத்துமலை இருபதில் போய்க்கொண்டிருந்தார். குழி தெரிந்தால் விலக்கி, வளைவில் இன்னும் தணித்து, உள்ளே இருப்பவர் அலுங்கக் கூடாது என்கிற மாதிரி ஓட்டினார். பின்னால் நாலு பந்தயக் கார்களும் உறுமிக்கொண்டு, இடைவெளி விட்டு, ஒழுங்காக வந்தன. ஹக்கிம் ஒரு முழுச் சுற்றையும் முடித்துக்கொண்டு பார்த்தால், தான் நடத்திப்போக வேண்டிய வரிசையின் வாலில் வந்து நின்றிருந்தார். இரண்டாவது சுற்றில் ஆறு கார்களும் ஊர்வலமாக ஈயக்குட்டையைச் சுற்றிவந்தன. இந்தக் கார்களுக்கு விசிறி கிடையாது. வேகமாக ஓடினால்தான் காற்று, காற்று பட்டால்தான் எஞ்சின் குளிரும். சின்னையாவின் காரிலிருந்து ஆவி கிளம்பியதும் தினேஸ்வரி கொடியை ஆட்டி எல்லாரையும் உள்ளே வரச் சொன்னாள்.

ஹெல்மெட்டைக் கழற்றும் முன்னே சிரிப்புச் சத்தம் கேட்டது. ஆபீஸில் இருந்த புனிதாகூட வெளியே வந்து கார் மூக்கில் கையை ஊன்றிச் சிரித்துக்கொண்டிருந்தாள். "என்னா அங்கிள், முட்ட லோரியா ஓட்டுறீங்க?" என்றான் பவித்ரன்.

பத்துமலையும் சிரித்தார். "ஆமா தம்பி, முட்ட லோரிதான். ஒடஞ்சுட்டா மொதலாளி கத்துவாரு."

"முட்ட லோரி இல்ல," என்றாள் தினேஸ்வரி.

கையைத் துணியில் துடைத்துக்கொண்டே வந்தாள். வேண்டாம் என்று அவர் கண்ணால் கெஞ்சினார். அவள் அவரைப் பார்க்கவில்லை, மற்றவர்களைப் பார்த்தாள்.

"எங்கப்பா சவ வண்டி ஓட்டுறாரு. ஈப்போவுல, இருவத்தாறு வருஷமா. வண்டியில ஒரு கீறல் கெடையாது."

சொல்லிவிட்டு ஹக்கிமுக்காக அதையே மலாயிலும் ஒருமுறை சொன்னாள். இரண்டு பாஷையிலும் குரல் நடுங்கியது. பவித்ரனின் சிரிப்பு பாதியில் நின்றுபோயிற்று. புனிதா கார் மூக்கிலிருந்து கையை எடுத்து, எடுத்ததை என்ன செய்வது என்று தெரியாமல், முந்தானையில் துடைத்தாள். அதைப் பத்துமலை பார்த்தார். மகளும் பார்த்தாள் என்பதைப் பார்த்தார். பூமி பிளக்காதா என்று இருந்தது அவருக்கு.

ஹக்கிம் குனிந்து காரின் கிளட்ச்சை எட்டிப் பார்த்தார். "இந்தக் கிளட்ச்ச வச்சுக்கிட்டு இருபதுல ரெண்டு ரவுண்டா?" என்றார் மலாயில். "எஞ்சின் நிக்காமயா? என்னால முடியாது அங்கிள். நெசமாத்தான் சொல்றேன்."

சின்னையா ஹெல்மெட்டைக் கையில் பிடித்துக்கொண்டு நெருங்கி வந்தார். "நீங்க வந்தப்பவே பாத்துட்டேண்ணே. மொகத்த திருப்பிக்கிட்டீங்க. சரி, அவருக்கு வேணாம் போலன்னு நானும் திருப்பிக்கிட்டேன்." பத்துமலையின் தோளில் கையை வைத்து, கொஞ்ச நேரம் எடுக்காமல் நின்றார். பிறகு மகனைப் பார்த்து, "டேய், அண்ணனுக்குத் தண்ணி கொண்டா" என்று அதட்டினார்.

எஞ்சின்கள் ஆறியதும், இந்தத் தடவை ஒவ்வொருவராக, தனித்தனியே ஓட்டட்டும் என்றார் ஹக்கிம். பத்துமலை கடைசி. மற்றவர்கள் ஓட்டி முடிக்கும்வரை ஓரமாக நின்றார். மலைப்பக்கம் மேகம் கறுத்துக்கொண்டு வந்தது. அவர் முறை வந்தபோது தினேஸ்வரியே குனிந்து பெல்ட்டுகளை மாட்டினாள். இரண்டு தோளுக்கு, இரண்டு இடுப்புக்கு.

"ஏம்மா சொன்ன?" என்றார் மெதுவாக.

அவள் பெல்ட்டை இழுத்து இறுக்கினாள். "அன்னிக்கு மழையில… ஸ்கூலு முன்னாடி. நான் ஒங்கள பாத்தேம்ப்பா. பாக்காத மாரி போயிட்டேன்."

"தெரியும்லா."

"அப்பறம் பின்னாலயே வந்தீங்க. வெளக்கப் போட்டுக்கிட்டு, மெதுவா, பொணத்துக்கு வார மாரி. பிள்ளைங்க எல்லாம் பாத்துச்சு. என்ன அசிங்கப்படுத்தத்தான் வாரீங்கன்னு நெனச்சேன். அதுக்கே ஒரு மாசம் ஒங்ககிட்ட பேசல."

பத்துமலைக்கு ஆச்சரியமாக இருந்தது. அவளுக்குக் காய்ச்சல் வந்ததால் பேசவில்லை என்றுதான் அவர் இத்தனை நாள் நினைத்திருந்தார்.

"ரோட்டோரம் முழுக்கத் தண்ணி கெடந்துச்சும்மா. ஒரு காடிக்காரன் வேகமா வந்து ஒம்மேல தண்ணிய வாரி அடிச்சுட்டுப் போனான். தலையோட கால் சேறு. பொண வண்டியா இருந்தா எவனும் முந்த மாட்டான்லா. அதான் பின்னாலயே வந்தேன். வீடு வரைக்கும் ஒருத்தனும் ஒன்னத் தாண்டல பாரு."

அவள் கை பெல்ட்டின் மேல் அப்படியே நின்றது. தலையைக் குனிந்துகொண்டாள். புறங்கையால் கன்னத்தைத் துடைத்தாள், எண்ணெய்க் கறுப்பு அங்கேயும் ஏறிக்கொண்டது. துடைத்துவிட வேண்டும்போல் அவருக்கு இருந்தது. தோள் பெல்ட் இறுக்கியதில் கை எட்டவில்லை.

"இப்ப பின்னால யாரும் இல்லப்பா," என்றாள். "காலி. அழுத்தி ஓட்டுங்க."

ஹெல்மெட்டை மாட்டிவிட்டு எழுந்தவள், ஏதோ ஞாபகம் வந்தவள்போல மறுபடி குனிந்தாள்.

"சொல்லிட்டுப் போங்க."

அவர் வாயைத் திறந்தார். இருபத்தாறு வருஷமாக உபயோகப்படுத்தாத வார்த்தை. வருமா என்றே அவருக்குச் சந்தேகம். இது சாவு வீடு இல்லை, இது மகள் என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்ள வேண்டியிருந்தது.

"போய்ட்டு வாரேம்மா."

கிளம்பினார். முதல் வளைவுவரை கால் பழைய பாட்டையே பாடியது. கண்ணாடியைப் பார்த்தார். அது அவர் பழக்கம், பின்னால் அழுதுகொண்டு வருகிறவர்கள் யாராவது விழுந்துவிடப் போகிறார்களே என்று நிமிஷத்துக்கு நாலு தடவை பார்ப்பார். கண்ணாடியில் வெறும் சாலை. சாலையின் முனையில் பொட்டளவு தினேஸ்வரி. அழுத்தினார். முதுகை யாரோ பிடித்துத் தள்ளியது போல் கார் பாய்ந்தது. "ஐயோ முருகா!" என்று அலறினார், அதை அவரைத் தவிர யாரும் கேட்கவில்லை. முன்சக்கரங்கள் கண்ணெதிரே கிறுகிறுவென்று சுழன்று, சுழல்வதே தெரியாமல் போயின. பயந்துகொண்டே சிரித்தார், சிரித்துக்கொண்டே அழுதார். தடுப்பாரும் இல்லை, பார்ப்பாரும் இல்லை. மூன்று சுற்று. நாலாவது சுற்றுக்குள் ஹெல்மெட்டில் மழைத்துளி விழ ஆரம்பித்ததும் கொடி காட்டிவிட்டார்கள்.

தினேஸ்வரி கையிலிருந்த கடிகாரத்தைக் காட்டினாள். "அஞ்சு பேர்ல நீங்கதான் கடைசி."

"அப்படியா?" என்றார். முகம் முழுக்கப் பல்.

மழை கனக்கும் முன் எல்லாரும் கிளம்ப ஆயத்தமானார்கள். பத்துமலை உடுப்பை மடித்து நாற்காலியில் வைத்தார், செருப்பை மாட்டினார், யாரிடமும் எதுவும் சொல்லாமல் நடக்கத் தொடங்கினார். ஒரு தடவை சொல்லிவிட்டால் உடனே எல்லாம் மாறிவிடுமா என்ன? வாசலைத் தாண்டிச் சாலைக்கு வந்தபோது பின்னால் ஓடிவரும் சத்தம் கேட்டது. தினேஸ்வரி. தலையில் குடையில்லை.

"ஒன் மோட்டார்ல சீக்கிரமா வீட்டுக்குப் போயேம்மா, நனையுற."

"அது அங்கயே கெடக்கட்டும். வண்டி எங்க?"

"மோட்டார் பட்டறையில கெடக்குலா. நான் பஸ்ஸுல…"

"அப்பா. எங்க ஆபீஸ் மாடியிலேந்து பாத்தா அந்த மரம் வரைக்கும் தெரியும். ரெண்டு தடவ தள்ளித் தள்ளி நிறுத்துனீங்க."

அவள் அவருக்கு முன்னால் நடந்தாள். மரத்தின் பின்னால் போய், கறுப்பு வேனின் முன்கதவைத் திறந்து, ஏறி உட்கார்ந்தாள். வண்டிக்குள் ஊதுவத்தியும் பன்னீரும் மணத்தன. இருக்கை விளிம்பையும் டாஷ்போர்டில் காய்ந்து கிடந்த சாமந்தியையும் அவள் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். அவர் தன் கைக்குட்டையை எடுத்து நீட்டினார், கன்னத்துக் கறுப்பைத் துடைக்க.

வேன் மண்பாதையிலிருந்து சாலைக்கு ஏறியபோது பள்ளியிலிருந்து கார்கள் வெளியே வந்துகொண்டிருந்தன. முதலில் பவித்ரனும் சின்னையாவும். அவர்களுக்குப் பின்னால் புனிதாவின் சின்னக் கார், இன்னும் இரண்டு. மழை இப்போது கொட்டியது. பத்துமலை விளக்கைப் போட்டார். முள் இருபதில் நின்றது. பின்னால் வந்தவர்களும் ஒவ்வொருவராக விளக்கைப் போட்டார்கள். எதிரே ஒரு வண்டிகூட இல்லை, முந்திப் போக இடம் தாராளமாக இருந்தது. யாரும் முந்தவில்லை.

தினேஸ்வரி ஜன்னல் கண்ணாடியை இறக்கினாள். கையை முழங்கைவரை மழையில் நீட்டி, போங்க, போங்க என்று ஆட்டினாள். "காலி வண்டிதான்! போங்கலா!" என்று கத்தினாள். மழையில் அது யாருக்கும் கேட்டிருக்காது. கையை உள்ளே எடுக்கவும் இல்லை. விரல் நுனியிலிருந்து தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது.

பத்துமலை பின்பக்கம் காட்டும் கண்ணாடியைப் பார்த்தார், பக்கத்தில் பார்த்தார். மூன்றாவது கியருக்கு மாற்றினார், முள் இருபதைத் தாண்டியது.